அச்சில் ஏறிய மௌனம்

ஆவான்சோர் என்னும் ஆர்மேனிய மலையூரின் கிழக்கு மேட்டில், மூவாயிரம் ஆண்டுகளாக யாரும் அசைத்திராத மூடுகல்லை ஊரின் வலுத்த ஆட்கள் நெம்பி நகர்த்தியபோது, உள்ளே முழங்காலை மடக்கிப் படுத்திருந்த பெண் எழுந்து உட்கார்ந்து, கண்ணில் விழுந்த மண்ணைப் புறங்கையால் துடைத்துவிட்டு, "எவன் என் பானையைத் தொட்டது?" என்று கேட்டாள்.

பானையைத் தொட்டவர் அர்ஷாவிர். மலைமக்களின் வழக்கங்களைத் திரட்டுவதிலும் பழங்காலத்து மேடுகளைத் தோண்டுவதிலும் தலை நரைத்துப்போன அந்த அறிஞர், அவசரமாகப் பானையை இருந்த இடத்திலேயே வைத்து, "மன்னிக்க வேண்டும், அம்மணி" என்றார். அவள் பேசியது அவள் காலத்து மொழி, ஊரார் காதில் விழுந்தது தங்கள் காலத்து மொழி. நடுவில் என்ன நடந்தது என்று எவரும் ஆராயவில்லை. திட்டு எந்த மொழியில் வந்தாலும் திட்டு வாங்கியவனுக்குப் புரிந்துவிடுகிறது.

இறந்தவள் எழுந்தாள் என்பதற்காக அந்த ஊர் வேலையை விட்டுவிட்டு வாயைப் பிளந்து நிற்கவில்லை. அவர்களுடைய கவலையெல்லாம் வேறு. வந்தவள் எந்த வீட்டு விருந்தாளி, எந்த வீட்டு அடுப்போரம் படுப்பாள், அவளுக்காக அறுக்கும் ஆட்டின் தொடை யாருக்குப் போகும் என்பதைப் பற்றி மேட்டிலிருந்து ஊர் வாசல் வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே அவளை நடத்தி வந்தார்கள். கீழத் தெருக்காரர்கள் அவள் மூக்கைக் காட்டித் தங்கள் மூக்கைத் தடவினார்கள். மேலத் தெருக்காரர்கள் அவள் காதுமடலைச் சாட்சிக்கு அழைத்தார்கள். ஊர்ப் பாதிரியார் தேர் ஹூசிக் மட்டும், திருமுழுக்குப் பெறாத ஒருத்தியை ஊருக்குள் விடலாமா என்று தாடியை முறுக்கி யோசித்து, கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே இறந்தவள் ஆகையால் இவள் மறுத்தவள் அல்லள், முந்திக்கொண்டவள் என்று தீர்ப்புச் சொல்லி, ஆட்டின் ஈரலைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கடைசியில் அவள் ஊர்த்தலைவர் ஹாய்ராபெத்தின் வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டின் அடுப்புத்தான் ஊரிலேயே பெரியது. தரையில் ஆள் ஆழத்துக்குக் குழித்த களிமண் அடுப்பு, சுவரில் மாவை அறைந்தால் ரொட்டியாகத் திரும்பி வரும். முப்பது வயதைத் தாண்டாத அவளை அறுபது வயது ஹாய்ராபெத் "ஆதித்தாயே" என்று அழைத்துக் கையை முத்தமிட்டபோது, "நீ என் தகப்பன் வயசுக்காரன் மாதிரி இருக்கிறாய், எழுந்திரு, இடுப்புப் பிடித்துக்கொள்ளப் போகிறது" என்றாள். உருளைக்கிழங்கை முதன்முதலாகத் தின்று பார்த்து, இது இல்லாமலா இத்தனை காலம் செத்துக் கிடந்தேன் என்று வருந்தினாள்.

இந்த இடத்தில் வாசகர் அர்ஷாவிரைப் பற்றிச் சற்றுத் தெரிந்துகொள்வது நல்லது. அவர் கெட்ட மனிதர் அல்லர். கெட்டவர்கள் செய்யும் கேட்டுக்கு ஓர் எல்லை இருக்கிறது. அழகாக எழுதத் தெரிந்த நல்லவர்கள் செய்யும் கேட்டுக்கு எல்லையே இல்லை.

ஏழு ஆண்டுகளுக்கு முன் அவர் இதே ஊருக்கு வழக்கங்களைத் திரட்ட வந்திருந்தார். அந்நாளில் ஆவான்சோரில் புதுமருமகள் மாமனார் மாமியார் முன்னிலையில் வாயைத் துணியால் மூடி, பேசாமல், விரல்களாலும் புருவங்களாலும் மட்டுமே சொல்ல வேண்டியதைச் சொல்வாள். தலைப்பிள்ளை பிறந்ததும் மாமியார் அவளுக்கு ஒரு வெள்ளிக் காசையோ பட்டுத் துணியையோ கொடுத்து, "வாயைத் திற, மகளே" என்பாள். அதோடு முடிந்தது. அந்தக் கைப்பேச்சின் அழகில் அர்ஷாவிர் சொக்கிப்போனார். தண்ணீருக்கு ஒரு சைகை, ஓநாய்க்கு ஒரு சைகை, மாமியாரின் கோபத்துக்கு மூன்று சைகைகள் என்று திரட்டித் திரட்டி மகிழ்ந்தார். மௌனம் எவ்வளவு காலம் நீடிக்கும் என்று ஹாய்ராபெத்தைக் கேட்டபோது, அவர் நெஞ்சை நிமிர்த்திக் கண்கலங்கி, "என் தாய் இந்த வாசல்படியை மிதித்த நாளிலிருந்து பாடையில் போன நாள்வரை ஒரு வார்த்தை பேசியதில்லை, ஐயா" என்றார். ஏன் என்று அர்ஷாவிர் கேட்கவில்லை. விடை தமக்குப் பிடித்தமாக இருக்கும்போது அறிஞர்கள் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை.

திஃப்லிஸ் நகரத்துக்குத் திரும்பியவர் ஒரு சிறு புத்தகம் எழுதினார். ஆவான்சோரின் மருமகள் மூவாயிரம் ஆண்டுப் பழமையான மௌனத்தைச் சாகும்வரை காக்கிறாள் என்றார் அதில். எழுதிக்கொண்டு போகையில் வாக்கியம் ஒன்று ஓசைக்குக் குறைவாக நின்றதால், "தொட்டிலின் அருகே தனித்திருக்கும்போதும் அவள் இதழ் பிரிவதில்லை" என்று ஒரு வரியைச் சேர்த்தார். அது நடப்பதாக எவரும் அவரிடம் சொல்லவில்லை. வரி அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

புத்தகம் ஆவான்சோருக்கு வந்து சேர்ந்தது. பாதிரியார் அதைக் கோயில் முற்றத்தில் உரக்க வாசித்தார். ஊரார் முதலில் பூரித்துப்போனார்கள், பிறகு வெட்கப்பட்டார்கள். நம் முன்னோர் இத்தனை உயர்வாக வாழ்ந்திருக்க, நாம் தலைப்பிள்ளைக்கே வாயைத் திறந்துவிட்டு நிற்கிறோமே என்று தலைகுனிந்து, அன்று முதல் புத்தகத்தில் உள்ளபடி வாழத் தொடங்கினார்கள். வாசகரே, பிறர் நம்மைப் பற்றிச் சொல்லும் பொய்யைவிட, நமக்குப் பெருமை தரும் பொய்யைக் கண்டு நாம் அஞ்ச வேண்டும்.

அந்த ஆண்டு ஹாய்ராபெத்தின் வீட்டுக்கு மருமகளாக வந்தவள் மானுஷாக். கணவன் பாக்கூ நகரத்து எண்ணெய்க் கிணறுகளில் வேலைக்குப் போய், ஆண்டுக்கொருமுறை ஈஸ்டருக்கு வருவான். அவளுக்கு ஹாஸ்மிக் என்று ஒரு பெண் குழந்தை பிறந்தது. வெள்ளிக் காசு வரவில்லை. தாலாட்டும் கூடாது என்று மாமியார் ஓவ்சன்னா புத்தகத்தின் பெயரால் சொல்லிவிட்டாள். தொட்டில் மௌனமாக ஆடியது.

இப்போது அர்ஷாவிர் திரும்பி வந்திருப்பதே அந்தச் சிறு புத்தகத்தைப் பெரும் புத்தகமாக்கத்தான். மூவாயிரம் ஆண்டு என்று கை போன போக்கில் எழுதிவிட்டார், அதற்கு மண்ணுக்கடியிலிருந்து ஓர் ஆதாரம் வேண்டியிருந்தது. ஆதாரம் அடுப்போரம் உட்கார்ந்து உருளைக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தது.

விருந்தின்போது ஹாய்ராபெத் எழுந்து நின்றார். "ஆதித்தாயே, உங்கள் சட்டத்தை நாங்கள் எப்படிக் காக்கிறோம், பாருங்கள்" என்று மானுஷாக்கை முன்னால் நிறுத்தினார். மூக்குவரை துணி கட்டியிருந்த அவள் தலைகுனிந்து ரொட்டித் தட்டை நீட்டினாள்.

வந்தவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இவளுக்குப் பல்லில் நோவா?"

"இல்லை, தாயே. மருமகள்."

"சரி. பல்லில் என்ன?"

மௌனச் சட்டத்தைப் பாதிரியார் விளக்கினார், புத்தகத்திலிருந்து இரண்டு பத்தி ஒப்பித்தும் காட்டினார். கேட்கக் கேட்க வந்தவளின் தோள் குலுங்கியது. பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்த சிரிப்பில் கழுத்துச் செம்மணிக்கோவை அறுந்து மணிகள் தரையெல்லாம் உருண்டன.

"நாங்களா? நாங்களா பேசாமல் இருந்தோம்? அடப்பாவிகளா! எங்கள் காலத்தில் பெண் பார்க்க வருகிறவன் முதலில் அவளை மேட்டில் நிறுத்திக் கத்தச் சொல்வான். ஆற்றின் மறுகரை வரைக்கும் குரல் போக வேண்டும். ஓநாய் வந்தால் யார் கத்துவது, உன் அப்பனா? ஊமையாய் நிற்கிறவளை நம்பி எவன் ஆடு விடுவான்?"

பாதிரியாருக்கு ஈரல் தொண்டையில் நின்றது.

நல்லவர்களாக இருந்தால் அந்தக் கணமே, "அப்படியானால் நாங்கள் தவறினோம்" என்று சொல்லியிருப்பார்கள். ஆவான்சோர்க்காரர்களும் நல்லவர்கள்தாம். ஆனாலும் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, மெல்ல மெல்ல, அவள் மூக்கில் குறை கண்டுபிடிக்கத் தொடங்கினார்கள். இந்த மூக்கு நம் மூக்கு அல்ல என்றார்கள் கீழத் தெருக்காரர்கள். காதுமடலும் அப்படித்தான் என்றார்கள் மேலத் தெருக்காரர்கள். அந்த ஊரில் இரண்டு தெருவும் ஒன்றுபட்டது அன்றைக்குத்தான். முன்னோர் மண்ணுக்கடியில் பேசாமல் இருக்கும்வரை முன்னோர். எழுந்து வந்து மறுத்துப் பேசினால் அயலார்.

"இவள் எங்கிருந்தோ வந்து, வழியில் இங்கே செத்தவள்" என்று ஹாய்ராபெத் அர்ஷாவிரைத் தனியாக அழைத்துச் சொன்னார். "நாளைக் காலை மேட்டில் ஊர் கூடும். நீங்கள் படித்தவர். இவள் நம் முன்னோரில் ஒருத்தி அல்ல என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், மரியாதையாகக் கொண்டுபோய் மூடிவிடலாம். உங்கள் புத்தகத்துக்கும் நல்லது, எங்கள் வீட்டுக்கும் நல்லது."

அர்ஷாவிரின் மனம் அதைக் கேட்டதும் குளிர்ந்தது. வழியில் செத்த நாடோடிப் பெண். ஓர் அடிக்குறிப்போடு முடிந்துவிடும்.

அந்தக் குளிர்ச்சியோடு அடுப்பறைக்கு வந்தவர் அங்கே ஓவ்சன்னா உருண்ட மணிகளைப் பொறுக்குவதைக் கண்டு, பேச்சுக்காக, "உங்கள் மாமியார் வாழ்நாள் முழுதும் பேசாமல் இருந்தாராமே, எத்தனை பெரிய மனசு!" என்றார்.

ஓவ்சன்னா நிமிர்ந்தாள். "அவரா? அவருக்குப் பிறவியிலேயே பேச்சு வராதே, ஐயா. காதும் கேட்காது. பாவம், இடி இடித்தால்கூடத் தெரியாது."

"பிறவியிலேயா?"

"ஊருக்கே தெரியுமே. நீங்கள் கேட்கவில்லையா?"

அர்ஷாவிர் அடுப்பு விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். எதிரே, மேட்டிலிருந்து வந்தவள் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, மானுஷாக்கின் வாய்த்துணியைச் சுட்டிக்காட்டிக் கொண்டிருந்தாள். "எடுத்தெறி, பெண்ணே. என்ன செய்துவிடுவார்கள்?" ஓவ்சன்னா மணிகளோடு வெளியே போகும்வரை காத்திருந்த மானுஷாக்கின் கைகள் பேசத் தொடங்கின. அவை மிக வேகமாகப் பேசின. வந்தவளுக்குப் புரியவில்லை. அந்த வீட்டு ஆண்களுக்கும் முழுதாகப் புரிந்ததில்லை. புரிந்தவர் ஒருவர்தான், அந்தச் சைகைகளையெல்லாம் திரட்டியவர்.

"என்ன சொல்கிறாள்?" என்றாள் வந்தவள்.

அர்ஷாவிர் மொழிபெயர்த்தார். "தன் மகளுக்கு ஐந்து வயதாகிறது என்கிறாள். இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை, கையால்தான் பேசுகிறது என்கிறாள். செவிடு இல்லை, பறவை கத்தினால் திரும்புகிறது. தாயின் குரலைக் கேட்டிருந்தால் பேசியிருக்கும் என்கிறாள். இன்னும் கொஞ்ச நாள் போனால் எப்போதுமே பேசாது என்று பயப்படுகிறாள். வீட்டை எதிர்த்துப் பேசினால் குழந்தையை வைத்துக்கொண்டு அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம்."

"இப்போது என்ன சொல்கிறாள்?"

"அந்தப் புத்தகத்தை எழுதியவனிடம் சொல்லுங்கள், எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள் என்கிறாள்."

"அவன் எங்கே இருக்கிறான்?"

அர்ஷாவிர் மூலையைப் பார்த்தார். அங்கே குழந்தை ஹாஸ்மிக் தன் மரப்பொம்மையின் முன் விரல்களை அசைத்து, அதற்குத் தூக்கம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தது. முந்தின நாள் அதே காட்சியைப் பார்த்து, வழிவழியாக வந்த அற்புதம் என்று அவர் வியந்திருந்தார்.

"இங்கேதான் இருக்கிறான்" என்றார்.

"இவனா? பானையைத் தொட்டவனா?" என்றாள் வந்தவள். "கை வைக்காத இடம் இல்லை போலிருக்கிறதே."

மறுநாள் காலை மேட்டில் ஊர் திரண்டது. வந்தவளும் வந்தாள். விருந்து உபசாரம் அலுத்துவிட்டது என்றும், தன் இடத்தில் தான் படுத்தால்தான் இடுப்பு வலி போகும் என்றும் சொல்லி, இரண்டு உருளைக்கிழங்குகளைப் பானையில் போட்டுக்கொண்டு, குழியின் சரிந்த பக்கத்து விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். அயலாள் என்றாலும் சரி, ஆதித்தாய் என்றாலும் சரி, அவளுக்கு ஒன்றுதான். மானுஷாக் பெண்களின் வரிசையில் கடைசியாக, குழந்தையைக் கையில் பிடித்து நின்றாள். அவளுக்கு ஒன்றல்ல.

"சொல்லுங்கள், ஐயா" என்றார் ஹாய்ராபெத்.

அர்ஷாவிர் தொப்பியைக் கழற்றினார். தம் வாழ்நாளிலேயே முதன்முறையாக அழகில்லாமல் பேசினார். "நான் எழுதியது தவறு. தலைவரின் தாய் பேச முடியாதவர், நான் அதைச் சட்டம் என்று எழுதிவிட்டேன். தொட்டில் வரி நானாகச் சேர்த்தது. இந்தப் பெண் உங்கள் முன்னோரில் ஒருத்திதான். இல்லாவிட்டாலும் அவள் சொல்வதுதான் சரி. மருமகளைப் பேச விடுங்கள்."

ஊர் அவரை இரக்கத்தோடு பார்த்தது.

"ஐயா," என்றார் பாதிரியார், நோயாளியிடம் பேசும் குரலில், "அது அச்சில் வந்துவிட்டதே."

"எழுதியவன் நான்தான், சாமி!"

"எழுதினீர்கள், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் இன்று ஒன்று சொல்வீர்கள், நாளை ஒன்று சொல்வீர்கள். மனிதர். புத்தகம் ஏழு ஆண்டாக ஒரே வார்த்தையில் நிற்கிறது."

"மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். "நேற்று அடுப்பு விளிம்பில் உட்கார்ந்திருந்தாரே, சூடு தலைக்கேறியிருக்கும்" என்றாள் ஓவ்சன்னா. தொப்பியை யாரோ எடுத்து அவர் தலையில் கரிசனத்தோடு வைத்தார்கள். வாசகரே, பொய்யைக் கட்டியவனே வந்து இடிக்க முயன்றாலும் அது இடியாது. அதற்குள் அங்கே குடும்பங்கள் குடியேறிவிடுகின்றன.

ஹாய்ராபெத் கையசைத்தார். வந்தவள் எல்லாரையும் பார்த்து, "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே படுத்தாள். ஆட்கள் தோளைக் கொடுத்தார்கள். மூடுகல் உறுமிக்கொண்டு நகரத் தொடங்கியது.

மானுஷாக் தன் கையைப் பார்த்தாள். கையில் குழந்தை இல்லை.

கூட்டம் முழுவதும் முதுகைக் காட்டிக் கல்லைப் பார்த்து நின்றது. ஹாஸ்மிக் ஆட்களின் கால்களுக்கிடையே நுழைந்து, முந்தின நாள் தனக்கு ஒரு செம்மணியைத் தந்தவளுக்குத் தன் மரப்பொம்மையைத் துணைக்குக் கொடுக்க, சரிந்த பக்கமாகக் குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மானுஷாக் கையை உயர்த்தி ஓநாய்ச் சைகை காட்டினாள். ஆபத்துக்கு அதைவிடப் பெரிய சைகை அந்தப் பேச்சில் இல்லை. ஒருவரும் திரும்பவில்லை. கையால் பேசுகிறவளுக்குப் பார்க்கிறவன் வேண்டும். அவள் இன்னும் உயர்த்தினாள். கல் இன்னும் நகர்ந்தது.

அப்போது அவள் வாய்த்துணியைக் கிழித்தெறிந்து கத்தினாள்.

ஏழு ஆண்டாகச் சொல்லாமல் விழுங்கியவை அத்தனையும் அந்தக் கத்தலில் இருந்தன. தண்ணீர் வேண்டும் என்றது, கால் வலிக்கிறது என்றது, உப்புக் கூடிவிட்டது என்றது, பாடாத தாலாட்டுகள் அடுக்கடுக்காக வந்தன, எல்லாவற்றுக்கும் மேலே "ஹாஸ்மிக்!" என்று ஒரே சொல் நின்றது. மறுகரையில் மேய்ந்த ஆடுகள் தலைதூக்கின. கோயில் மணி தானாக ஒருமுறை அசைந்தது. தள்ளிக்கொண்டிருந்த ஆட்கள் தோளை எடுத்தார்கள், கல் நின்றது. அந்தக் குரலுக்குப் பின் வந்த நிசப்தத்தில் குழிக்குள்ளிருந்து, ஊரார் எவரும் அதுவரை கேட்டிராத மெல்லிய குரல் ஒன்று, "வரேன், அம்மா" என்றது.

அதைத் தொடர்ந்து இன்னொரு குரல்: "இதைத்தானே நான் சொன்னேன். பிள்ளையைத் தூக்குங்கள், குளிர் உள்ளே வருகிறது."

குழந்தையைத் தூக்கி மேலே கொடுத்தவர் அர்ஷாவிர். வாங்கிய மானுஷாக் அவர் பக்கம் திரும்பி, ஏழு ஆண்டுக்குப் பின் முதன்முறையாக ஒரு மனிதரிடம் வாயால் பேசினாள். "இதை எழுதாதீர்கள், ஐயா." அவர் எழுதவில்லை. நகரத்துக்குப் போனதும் அச்சகத்தில் ஏற்கெனவே கொடுத்துவைத்திருந்த பெரும் புத்தகத்தின் கைப்பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவரை அறிந்தவர்கள், இனி அவருக்கு எதிர்காலம் இல்லை என்று முடிவு செய்தார்கள்.

எழுதாவிட்டால் என்ன? ஊருக்கு நினைவு இருக்கிறதே. அடுத்த வசந்தத்தில் அர்ஷாவிர், தோண்டுவதற்காக அல்லாமல், ஹாஸ்மிக்குக்கு ஒரு பொம்மையோடு ஆவான்சோருக்கு வந்தபோது, மேட்டைச் சுற்றி மறுபடியும் கூட்டம். மூடுகல்லின்மேல் மணக்கோலத்தில் ஒரு பெண் நின்று நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் உரக்க!" என்று கீழேயிருந்து ஓவ்சன்னா அதட்டினாள். "மறுகரைக்குக் கேட்க வேண்டும்!"

"இவளுக்கு என்ன ஆயிற்று?" என்றார் அர்ஷாவிர்.

ஹாய்ராபெத் நெஞ்சை நிமிர்த்தினார். "புதுமருமகள், ஐயா. எங்கள் ஊரில் மருமகள் இந்தக் கல்லில் ஏறிக் கத்திக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழையலாம். ஆதிகாலத்துச் சட்டம். மூவாயிரம் ஆண்டு." குரலைத் தாழ்த்தினார். "இது சற்று மெல்லிய குரல். பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிடலாமா என்று பார்க்கிறோம்."

அந்தப் பெண் இயல்பிலேயே அமைதியானவள். வாயைத் திறந்தாள், காற்றுத்தான் வந்தது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து மானுஷாக், ஒரு வார்த்தையும் பேசாமல், இரண்டு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தி, விரல்களை மெல்ல மடக்கி, இறங்கி வா, ரொட்டி சூடாக இருக்கிறது என்றாள். பக்கத்தில் நின்ற ஹாஸ்மிக்கும் சின்னக் கைகளால் அதையே சொன்னது. கல்லின்மேல் நின்றவளுக்கு அந்தப் பேச்சு தெரியாது. ஆனாலும் புரிந்தது போலிருக்கிறது, ஒரு காலை எடுத்துக் கீழே வைத்தாள்.

"எங்கே இறங்குகிறாய்? கத்திவிட்டு இறங்கு!" என்று ஊர் முழுவதும் ஒரே குரலில் கத்தியது.

மூடுகல்லுக்கு அடியிலிருந்து பானையைத் தரையில் தட்டும் ஓசை கேட்டது.

"எவன் அது, என் தலைமாட்டில் நின்று கத்துவது? மனிதர் தூங்க வேண்டாமா?"

ஊரார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹாய்ராபெத் தலையை ஆட்டி, அர்ஷாவிரின் காதருகே குனிந்தார்.

"அவள் பேச்சைப் பொருட்படுத்தாதீர்கள், ஐயா. அயலூர்க்காரி. நம் வழக்கம் அவளுக்குத் தெரியாது."